மலை ஏறும் ஊசியிலை மரங்கள்: உயரமும் தாங்குதிறனும்

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் குறையும். கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் 2,000 மீட்டரில் ஐந்தில் நான்கு பங்கும், 3,000 மீட்டரில் பத்தில் ஏழு பங்கும்தான் மிஞ்சும். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியமில வாயுவின் பங்கழுத்தமும் அதே கணக்கில் இறங்கும். காற்று மெலிவதால் வெயில் கடுமையாகும். புறஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீத அளவில் கூடும். வெண்பனி மூடிக்கிடக்கும் மாதங்கள் நீளும், வளரும் பருவம் சுருங்கும், காற்றின் வேகம் பெரும்பாலும் அதிகரிக்கும். இத்தனையும் சேர்ந்தே மாறுவதால், உயரம் என்பதை ஒற்றை நெருக்கடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், லார்ச், ஜூனிப்பர் முதலிய ஊசியிலை மரங்கள் மேலே ஏற ஏறச் சந்திப்பது பல நெருக்கடிகளின் மூட்டை. அதில் எது முந்தி நிற்கும் என்பது மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் மாறும்.

மீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. (தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குடும்பத்து மரம் நாகேயா வாலிச்சியானா ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் அங்கங்கே வளரும் அதன் இலை ஊசியாகவே இராது, அகன்றிருக்கும்.) சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகருக்கு மேலே அதே 2,100 மீட்டரில் காடு தேய்ந்து புல்வெளி தொடங்குகிறது. திபெத்தின் தென்கிழக்கிலோ ஜூனிப்பர் மரங்கள் 4,900 மீட்டர் வரை ஏறியிருக்கின்றன.

மர எல்லை

இந்த வித்தியாசங்களுக்குள் ஓர் ஒற்றுமை இருப்பதை 2004இல் கிறிஸ்டியன் கோர்னரும் யென்ஸ் பால்சனும் காட்டினார்கள். வட துருவ வட்டத்தை ஒட்டிய மலைகள் தொடங்கித் தென் அரைக்கோளம் வரை 46 இடங்களில், மரங்கள் நின்றுபோகும் எல்லையில் பத்து சென்டிமீட்டர் ஆழத்து மண்ணின் வெப்பநிலையை அவர்கள் பதிவு செய்தார்கள். வளரும் பருவத்தின் சராசரி 6.7 டிகிரி. இடத்துக்கு இடம் மீட்டர் கணக்கு எவ்வளவு வேறுபட்டாலும் இந்த எண் ஒரு டிகிரிக்கு மேல் பெரிதாக விலகவில்லை.

ஏன் அந்த அளவில் மரம் நின்றுபோகிறது? குளிரில் ஒளிச்சேர்க்கை குறைந்து மரம் பட்டினி கிடக்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அளந்து பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. மெக்சிகோ, ஆல்ப்ஸ், வட சுவீடன் ஆகிய மூன்று இடங்களின் பைன்களில் கோர்னரும் குந்தர் ஹாக்கும் சர்க்கரை, மாவுச்சத்து இருப்பைச் சோதித்தார்கள். மர எல்லையை நெருங்க நெருங்க இருப்பு குறையவில்லை, கூடவே செய்தது. ஒளிச்சேர்க்கை சுழி டிகிரியை ஒட்டியும் ஓரளவு நடக்கும். ஆனால் புதுச் செல்கள் பிரிந்து கட்டையாக முற்றுவது ஐந்தாறு டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். எல்லையில் நிற்கும் மரத்திடம் சாப்பாடு இருக்கிறது, அதை உடம்பாக்கும் சூடு இல்லை. அதே சரிவில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் குற்றுச்செடி வெயிலில் நன்றாகச் சூடேறிக்கொள்ளும். உயர்ந்து நிற்கும் மரத்தின் குருத்து காற்றின் வெப்பநிலைக்குத்தான் கட்டுப்பட்டது. அதனால்தான் செடிகள் இன்னும் மேலே போகின்றன, மரங்கள் போவதில்லை.

எல்லை எங்கே விழுகிறது என்பதை வளர்ச்சி தீர்மானிக்கிறது. அந்த எல்லைக்குள் ஒரு மரம் வருடம் முழுவதும் உயிரோடு இருப்பது வேறு கதை. அதற்குத்தான் தாங்குதிறன் வேண்டும்.

குளிருக்குத் தயாராவது

ஆல்ப்ஸின் உயரப் பகுதியில் வளரும் செம்ப்ரா பைன் நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழேயும் சேதமில்லாமல் நிற்கும். ஜூலையில் அதே மரத்தின் ஊசிகள் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே கருகத் தொடங்கும். ஸ்ப்ரூஸ் மரத்தின் இளந்தளிருக்கு மைனஸ் 4 போதும். தாங்குதிறன் மரத்தின் நிலையான குணம் அன்று, வருடந்தோறும் கட்டி எழுப்பிக் கலைப்பது.

கட்டுவது கோடையின் கடைசியிலேயே தொடங்கிவிடும். இரவு நீளுவதை ஃபைட்டோக்ரோம் என்ற நிறமி உணர்த்தியதும் குருத்து நீளுவதை நிறுத்தி மொட்டாக மூடிக்கொள்கிறது. இது முதல் படி. வெப்பநிலை சுழியைத் தொட்டுப் பிறகு அதற்கும் கீழே இறங்கும்போது அடுத்த படி வரும். உறையும்போது பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, அவற்றின் இடைவெளிகளில் உருவாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. செல்லுக்குள்ளேயே பனி உண்டானால் சாவுதான். வெளியே உண்டானால் வற்றலைத் தாங்குகிற அளவுக்குத் தயாரான செல் பிழைக்கும். அந்தத் தயாரிப்பில் ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் குவிகின்றன, டீஹைட்ரின் எனப்படும் புரதங்கள் சேர்கின்றன, சவ்வின் கொழுப்புகள் குளிரில் இறுகிப்போகாதபடி மாறுகின்றன. உறைபனியைத் தாங்குவதும் வறட்சியைத் தாங்குவதும் செல்லின் கணக்கில் ஏறக்குறைய ஒரே வேலை.

உயரமான இடத்து மரங்கள் இந்த வேலையை முன்கூட்டித் தொடங்கித் தாமதமாகக் கலைக்கின்றன. ஆகவே உயரத்து மரத்தை நடுக்குளிர் கொல்வது அரிது. ஆபத்து இரண்டு ஓரங்களில் இருக்கிறது: தயாரிப்பு முடியும் முன்பே வந்துவிடும் இலையுதிர்கால உறைபனியிலும், தயாரிப்பைக் கலைத்த பிறகு திரும்பிவரும் வசந்தகால உறைபனியிலும். பள்ளத்தாக்கின் அடித்தளத்திலும் இதே ஆபத்து உண்டு. தெளிந்த இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து வழிந்து கீழே தேங்குவதால், பள்ளத்தில் நிற்கும் மரம் நடுச்சரிவில் நிற்கும் மரத்தைவிட அதிகக் குளிரைச் சந்திப்பது மலைகளில் சாதாரணம்.

வெளிச்சம் மிகும்போது

குளிர்கால மலையில் ஒரு முரண் இருக்கிறது. வெயில் பளீரென்று அடிக்கிறது, வெண்பனி அதைத் திருப்பி வீசுகிறது, ஊசிகளின் பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றலைச் சர்க்கரையாக்கும் நொதிகள் குளிரில் முடங்கிக் கிடக்கின்றன. செலவழிக்க வழியில்லாத ஆற்றல் ஆக்ஸிஜனோடு சேர்ந்து செல்லை அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். ஊசியை உதிர்த்துவிடும் லார்ச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. பசுமையாகவே நிற்கும் ஸ்ப்ரூஸும் பைனும் இதற்கு வழி கண்டாக வேண்டும்.

வழி ஒரு நிறமிச் சுழற்சியில் இருக்கிறது. ஒளி மிகும்போது வயோலாசாந்தின் என்ற நிறமி ஜியாக்சாந்தினாக மாறும்; பச்சையம் வாங்கிய மிகை ஆற்றலைத் தீங்கில்லாத வெப்பமாக வெளியேற்ற அது உதவும். கோடையில் இது நண்பகலில் ஏறி மாலையில் இறங்கும் தினசரி வேலை. கொலராடோ மலைகளின் ஊசியிலை மரங்களை நெடுங்காலம் ஆராய்ந்த பார்பரா டெம்மிக்-ஆடம்ஸ், வில்லியம் ஆடம்ஸ் இருவரும் குளிர்காலத்தில் இந்த மாற்றம் இரவிலும் திரும்புவதில்லை என்று கண்டார்கள். ஜியாக்சாந்தின் மாதக்கணக்கில் அப்படியே தங்குகிறது. ஒளிச்சேர்க்கை இயந்திரத்தின் முக்கியப் புரதங்கள் சிலவும் குறைக்கப்படுகின்றன. பச்சையாகத் தெரிந்தாலும் ஊசி கடையடைத்துவிட்டது என்று பொருள். இதன் கூடவே வைட்டமின் சி, குளூட்டாதயோன் போன்ற எதிர் ஆக்ஸிகரணிகளும் ஊசியில் சேருகின்றன. ஆல்ப்ஸின் ஸ்ப்ரூஸ் ஊசிகளில் உயரம் கூடக்கூட வைட்டமின் சி அதிகரிப்பது நன்கு பதிவான ஒன்று.

புறஊதாக் கதிரைப் பொறுத்தவரை கவலை குறைவு. உயரத்தில் அது கூடுகிறது என்பதால் பெரிய சேதத்தை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் ராக்கி மலைகளில் பலவகைத் தாவரங்களின் இலைகளை ஒப்பிட்ட 1992ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், புறஊதா-பி கதிரை உள்ளே விடாமல் தடுப்பதில் ஊசியிலைகளே முதலிடம் பெற்றன. மேல்தோலின் ஃபிளேவனாய்டுகளும் ஃபீனால்களும் அதை அங்கேயே உறிஞ்சிக்கொள்கின்றன.

நாற்றுகளின் பாடுதான் திண்டாட்டம். வயோமிங் மாநிலத்து மெடிசின் போ மலைகளில் மேத்யூ ஜெர்மினோவும் வில்லியம் ஸ்மித்தும் மர எல்லையில் முளைத்த நாற்றுகளைக் கவனித்தார்கள். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் நாற்று இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு, காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்கிறது. விடிந்ததும் நேர்வெயில் அதன் மேல் அடிக்கிறது. உறைந்த இரவும் கொளுத்தும் காலையும் அடுத்தடுத்து வரும்போது ஒளிச்சேர்க்கை நாள் முழுக்க மீளாமல் போகிறது. பெரிய மரத்தின் அருகிலோ பாறையின் ஒதுக்கிலோ முளைத்த நாற்றுக்கு வானமும் குறைவு, காலை வெயிலும் குறைவு. மர எல்லையில் மரங்கள் தனித்தனியாக நிற்காமல் திட்டுத்திட்டாகக் கூடி நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

மார்ச் மாதத் தாகம்

பனி மூடிய மலையில் மரம் தண்ணீரில்லாமல் சாகும் என்பது முதலில் நம்ப முடியாதது. ஆல்ப்ஸில் ஃபிப்ரவரி, மார்ச் மாதங்களில் மண்ணும் அடிமரமும் உறைந்திருக்கும். மேலே ஊசிகளின் மீது வெயில் ஏறி, காற்றைவிடப் பல டிகிரி சூடாக்கும். இலைத்துளைகளை மூடிக்கொண்டாலும் மேல்தோல் வழியே சிறிதுசிறிதாக நீர் போய்க்கொண்டே இருக்கும். கீழேயிருந்து ஈடு வராது. இன்ஸ்ப்ரூக்கை அடுத்த பாட்ஷர்கோஃபெல் மலையில் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த வால்டர் டிரான்குவில்லினி இதையே மர எல்லையின் பெரும் எதிரி என்று வாதிட்டார். குறுகிய கோடையில் ஊசியின் மேல்தோலும் மெழுகும் முழுதாக முற்றுவதில்லை, அதனால் மேலே போகப்போக நீரிழப்பு மிகும் என்பது அவர் வாதம். 1979இல் வந்த அவர் நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. மர எல்லை முழுவதையும் இதைக்கொண்டே விளக்க முடியாது என்பது இன்று தெளிவு. ஆனால் கிளைகள் எப்படிச் சாகின்றன என்பதற்கு அவர் விளக்கம் இன்றும் செல்லும். மெழுகு குறைவதற்கு வேறொரு காரணத்தை 1980களில் ஜூலியன் ஹாட்லியும் ஸ்மித்தும் காட்டினார்கள்: காற்று வாரி அடிக்கும் பனித்துகள்கள் உப்புத்தாள் போல ஊசியைத் தேய்க்கின்றன.

மர எல்லையின் குட்டை மரம் ஒன்றைப் பார்த்தாலே இது விளங்கும். அடியில், குளிர்காலம் முழுதும் வெண்பனிக்குள் புதைந்திருந்த பகுதியில் கிளைகள் அடர்ந்து பாயாகப் பரந்திருக்கும். பனியின் மேற்பரப்புக்குச் சற்று மேலே, துகள்கள் மிகுதியாக அடிக்கும் உயரத்தில் தண்டு மொட்டையாக இருக்கும். காற்று வரும் பக்கத்து ஊசிகள் பழுத்துச் செம்பழுப்பாகியிருக்கும். அதையும் தாண்டிய உச்சியில், காற்று போகும் திசையில் மட்டும் சில கிளைகள் கொடி போல நீண்டிருக்கும். போன குளிர்காலங்களில் பனி எவ்வளவு உயரம் கிடந்தது என்பதை அந்த மரத்தின் உருவத்திலிருந்தே படித்துவிடலாம்.

நீரேற்றும் குழாய்களிலும் இந்த மாதங்களில் நெருக்கடி முற்றுகிறது. ஊசியிலை மரங்களின் நீர்க்கடத்திகள் டிராக்கீடு எனப்படும் மிகக் குறுகலான செல்கள். குறுகலாக இருப்பதால் உறைந்து உருகும்போது உண்டாகும் காற்றுக்குமிழி பெரும்பாலும் மறுபடி கரைந்துவிடும். அகன்ற குழாய் கொண்ட பல இலையுதிர் மரங்களுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் உறைவதும் உருகுவதும் நூறு தடவைக்கு மேல் நடந்து, வறட்சியும் சேரும்போது இந்தக் குழாய்களும் அடைபடும். இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் மாயர் குழுவினர் மர எல்லை ஸ்ப்ரூஸ் கிளைகளில் குளிர்கால இறுதியில் நீர்கடத்தும் திறன் சில சமயம் முழுதாகவே நின்றுபோவதைக் கண்டார்கள். வியப்பு என்னவென்றால், மண் உறைந்திருக்கும்போதே அவற்றில் பல மீண்டும் நிரம்பின. கிளைகள் மேல் கிடக்கும் பனி உருகி, அந்த நீர் ஊசிகளின் வழியே உள்ளே புகுந்து குழாய்களுக்குப் போய்ச் சேருகிறது என்று 2014இல் அவர்கள் விளக்கினார்கள். வேர் குடிக்க வேண்டியதைக் கிளை குடிக்கிறது.

பனி பாதுகாக்கும், அதே பனி நெடுநாள் கிடந்தால் கொல்லும். 1950–51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் முழுவதும் பனிச்சரிவுகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சரிவுகளின் உச்சி வரை காடு வளர்ப்பதில் சுவிஸ், ஆஸ்திரிய அரசுகள் முனைந்தன. டாவோஸ் அருகே ஸ்டில்பெர்க் சரிவில் 1975இல் செம்ப்ரா பைன், மலைப் பைன், லார்ச் ஆகிய மூன்று இனங்களில் 92,000 நாற்றுகள் நட்டு இன்றுவரை கணக்கெடுத்து வருகிறார்கள். முதல் சில ஆண்டுகள் எல்லாமே நன்றாக வந்தன. பிறகு பசுமை மாறாத இரண்டு பைன்களும் கூட்டம்கூட்டமாக மடிந்தன. பனி தாமதமாக உருகும் பள்ளங்களில், பனிக்கடியில் ஈரத்தோடு கிடந்த ஊசிகளைப் பூஞ்சைகள் அழித்தன. ஊசி உதிர்க்கும் லார்ச்சில் பெரும்பகுதி பிழைத்தது.

பழக்கமா, பிறப்பா

உயரத்து மரம் கடினமாக இருப்பது அங்கே வளர்ந்த பழக்கத்தாலா, விதையிலேயே வந்த குணமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் அடோல்ஃப் சீஸ்லாரும், பிறகு சூரிக்கில் அர்னால்ட் எங்லரும் உயரத்து ஸ்ப்ரூஸ் விதையையும் அடிவாரத்து விதையையும் ஒரே நிலத்தில் அருகருகே விதைத்துப் பார்த்தார்கள். மண்ணும் வானிலையும் ஒன்றே. ஆனாலும் உயரத்து விதையின் நாற்றுகள் மெதுவாக வளர்ந்தன, மொட்டை முன்னதாக மூடின. போலந்தில் யாசெக் ஓலெக்சின் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உடலியல் விளக்கம் தந்தது. சமநிலத்தில் வளர்ந்தபோதும் உயரத்து வழிவந்த ஸ்ப்ரூஸ்களின் ஊசியில் நைட்ரஜனும் ஒளிச்சேர்க்கை வேகமும் அதிகம். உடலில் வேரின் பங்கும் அதிகம். வருமானம் கூடுதல், ஆனால் வளர்ச்சியில் போடும் செலவு குறைவு. குறுகிய கோடையில் இது பொருத்தமான குணம். அடிவாரத்தில் பக்கத்து மரத்தோடு போட்டி போடும்போது அதுவே குறையாகிவிடும்.

பழக்கம், பிறப்பு என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காத ஒன்றையும் ஸ்ப்ரூஸ் வைத்திருக்கிறது. நார்வேயில் ஓய்ஸ்டெய்ன் யான்சனும் டோரே ஸ்க்ரோப்பாவும் கண்டது இது: விதைக்குள் கரு உருவாகும் வாரங்களில் தாய்மரத்தைச் சுற்றி வெப்பம் மிகுந்திருந்தால், அந்த விதையிலிருந்து வரும் நாற்று பல ஆண்டுகள் கழித்தும் மொட்டைத் தாமதமாக மூடுகிறது. மரபணு மாறவில்லை, கரு அனுபவித்த வானிலையின் நினைவு தங்கிவிடுகிறது. குளிர்ப்பகுதி மரங்களை வெப்பமான பண்ணைக்குக் கொண்டுபோய் விதை எடுக்கும் வனத்துறைகளுக்கு இது நடைமுறைச் சிக்கல்.

மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்

கலிபோர்னியாவின் ஒயிட் மலைகளில் வாழும் பிரிஸ்டில்கோன் பைன்கள் உயரத்துக்கும் நெருக்கடிக்கும் உள்ள உறவை ஒரே இனத்துக்குள் காட்டுகின்றன. எட்மண்ட் ஷுல்மன் 1957இல் வயது கணித்த மெதூசலா மரம் 4,800 ஆண்டுகளைக் கடந்தது. முதிய மரங்கள் பலவற்றில் பட்டை பெரும்பாலும் உரிந்து, தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் உயிருள்ள பட்டை ஒரு கீற்றாக ஓடும். அந்தக் கீற்று சில கிளைகளுக்கு மட்டும் சோறு போடும். ஊசிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உதிராமல் வேலை செய்யும். வருடாவருடம் புது ஊசி செய்யக் கட்டுப்படியாகாத இடத்தில் பழையதைக் காப்பாற்றுவதே லாபம்.

வால்மோர் லமார்ஷ் 1974இல் காட்டியது போல, இந்த இனத்தின் மேல் எல்லையில் வளரும் மரங்களின் ஆண்டு வளையம் கோடையின் வெப்பத்தைப் பதிவு செய்கிறது. கீழ் எல்லை மரங்களின் வளையம் மழையைப் பதிவு செய்கிறது. ஒரே வெப்பமான வருடம் மேலே அகன்ற வளையமாகவும், வறட்சி சேர்ந்தால் கீழே மெல்லிய வளையமாகவும் முடியும். மாத்யூ சால்சர் குழுவினர் 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, மேல் எல்லை மரங்களில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உண்டான வளையங்கள் கடந்த 3,700 ஆண்டுகளின் வேறெந்த ஐம்பது ஆண்டுகளையும்விட அகலமானவை. ஆனால் இந்த மாற்றம் எல்லையை ஒட்டியே நிற்கிறது; செங்குத்தாக 150 மீட்டர் இறங்கினாலே மரம் வேறு கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. காலநிலை மாற்றத்தால் மலைக்காடு செழிக்கும் என்றோ அழியும் என்றோ ஒரே வாக்கியத்தில் சொல்பவர்கள் எந்த உயரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்பது அவசியம்.

புதிய நெருக்கடிகள்

மரம் கட்டிவைத்த தாங்குதிறனை வெளியிலிருந்து வரும் ஒன்று கெடுத்துவிடவும் கூடும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கேமல்ஸ் ஹம்ப் மலையில் 1960களுக்கும் 1980களுக்கும் இடையே உயரத்துச் சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்களில் பாதியளவு மடிந்தன. மேகம் தவழும் உயரத்தில்தான் சாவு மிகுதி. மேகத்தின் நீர்த்துளி அனல்மின் நிலையங்களின் அமிலத்தைச் சுமந்துவந்தது. அமிலம் ஊசிச் செல்களின் சவ்வோடு ஒட்டியிருந்த கால்சியத்தைக் கழுவி எடுத்தது. கால்சியம் குறைந்ததும் குளிர்காலத் தயாரிப்பு முழுமையடையவில்லை. டொனால்ட் டிஹேஸும் பால் ஷாபெர்க்கும் இந்தச் சங்கிலியைப் படிப்படியாக நிறுவினார்கள். சிவப்பு ஸ்ப்ரூஸின் குளிர் தாங்கும் அளவுக்கும் அந்த மலையின் உண்மையான குளிருக்கும் இடையே ஏற்கெனவே இடைவெளி குறைவு. சில டிகிரி இழந்தாலே போதும், ஊசிகள் வசந்தத்தில் செந்நிறமாகிக் கொட்டிவிடும். 1990இல் காற்று மாசுச் சட்டம் இறுக்கப்பட்டு அமிலம் குறைந்த பிறகு எஞ்சிய மரங்கள் பல இடங்களில் மறுபடி நன்றாக வளரத் தொடங்கின.

ராக்கி மலைகளின் வெண்பட்டைப் பைனுக்கு அப்படி ஒரு திருப்பம் வரவில்லை. பட்டையைத் துளைக்கும் மலைப் பைன் வண்டு கீழேயுள்ள லாட்ஜ்போல் பைன் காடுகளில் தொன்றுதொட்டு வாழ்வது. உயரத்தின் குளிர் அதன் புழுக்களைக் கொன்றது, ஒரு தலைமுறை முடிய இரண்டு ஆண்டுகள் பிடித்தது. குளிர் தளர்ந்ததும் மேலேயும் ஒரே ஆண்டில் ஒரு தலைமுறை முடிகிறது. வண்டோடு நெடுங்காலம் பழகிய லாட்ஜ்போல் பைன் துளைத்தவுடன் பிசினைப் பாய்ச்சி எதிர்க்கிறது. வெண்பட்டைப் பைனின் எதிர்ப்பு அவ்வளவு வலுவானதன்று. குளிருக்கும் காற்றுக்கும் செய்த ஏற்பாடுகள் எதுவும் வண்டுக்கு உதவாது. இதோடு 1910இல் வான்கூவருக்கு வந்துசேர்ந்த கொப்புளத் துரு என்ற பூஞ்சை நோயும் அந்த மரத்தைத் தாக்கிவருகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு வெண்பட்டைப் பைனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. துரு நோயில் தப்பிய மரங்களின் விதைகளைச் சேகரித்து, நாற்றாக்கிச் சோதித்து, எதிர்ப்புள்ளவற்றை மலையில் நட்டுவருகிறார்கள். விதையை எந்த உயரத்திலிருந்து எடுத்து எந்த உயரத்தில் நடுவது என்பது அந்த வேலையில் முதலில் முடிவுசெய்ய வேண்டியவற்றுள் ஒன்று.